கண்சிமிட்டும் விளக்குகள் போதுமா?

அறிவியல் புனைகதைத் தொடர் எடுக்கப் பணமில்லை என்பது நம் தொலைக்காட்சியாரின் நெடுநாளைய முறையீடு. இதை நாம் ஏற்பதற்கில்லை.

1967 மார்ச்சு 9ஆம் நாள் அமெரிக்காவில் ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பாயிற்று. தொலைதூரக் கோளொன்றின் சுரங்கத்தில் தொழிலாளர் பலர் மாண்டனர். கொன்றது பாறையைக் கரைத்து வழி செய்துகொள்ளும் ஒரு பிராணி. யானோஷ் புரோகாஸ்கா என்னும் நடிகர் கம்பளம் போன்றதோர் உறையைப் போர்த்துத் தரையில் தவழ்ந்தார்; பிராணி என்பது அவ்வளவே. ஆயினும் அவ்வத்தியாயம் இன்றும் பேசப்படுகிறது. உயிரென்றால் கரிமத்தால்தான் ஆகவேண்டுமா, சிலிக்கனால் ஆகலாகாதா என்பதே அதன் ஊகம். சுரங்கத்தார் வெறும் உருண்டைக் கற்களென எண்ணி உடைத்தெறிந்தவை அதன் முட்டைகள் என்னும் உண்மை அவ்வூகத்திலிருந்தே பிறக்கிறது. அரக்கனென்று அஞ்சியது, குஞ்சுகளைக் காக்கும் தாய்! ஊகத்தை எடுத்துவிடுங்கள், கதையே இல்லை.

1998இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘கேப்டன் வியோம்’ தொடரை இதே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். விண்சிறையிலிருந்து தப்பியவர்களை நாயகன் துரத்துகிறான். அதே துரத்தலைத் தொப்பூர்க் கணவாயில் இரண்டு போலீஸ் ஜீப்புகளைக் கொண்டு எடுத்திருந்தாலும் கதையில் ஓர் இழை குறைந்திராது.

நம் இல்லங்களிலோ வேறொரு குரல் கேட்கிறது: “இந்தக் கற்பனையெல்லாம் நமக்கு எதற்கு?” வங்கத்து முஸ்லிம் பெண்மணி பேகம் ரொக்கையா, ஆண்கள் வீட்டுக்குள் அடங்கியிருக்க, பெண்கள் கதிரவன் வெப்பத்தில் சமைத்து, மேகத்திலிருந்து நீரிறக்கி ஆளும் நாட்டைக் கற்பித்தார். ‘சுல்தானாவின் கனவு’ என்னும் அக்கதை 1905இல் வெளிவந்தது எங்கே? நம் சென்னையில், ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ ஏட்டில். வீட்டுப் பெண்களிடம் இதைச் சொல்லியிருக்கிறோமா?

தருமபுரிக்கு வருவோம். இம்மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் வளர்ந்தோரின் பற்களில் ஏறிய பழுப்புக் கறை, காவிரி நீர் வந்ததால் போய்விடுமா? ஒரு கருவி பல்லைப் பார்த்தே, இவர் எவ்வூர்க் கிணற்றில் எத்தனை ஆண்டு குடித்தார், எலும்பு எந்த வயதில் வளையும் என்று சொல்லிவிடுகிறது என வைத்துக்கொள்வோம். பென்னாகரத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் அதைத் திண்ணையில் வைக்கிறார்கள். பெண்ணின் வாப்பா என்ன செய்வார்? அவள், “முதலில் மாப்பிள்ளையின் பல்லைக் காட்டுங்கள்” என்றால்?

ஒரு வீடு, ஒரு கிணறு, ஐந்து நடிகர்கள். எடுப்பதற்கு யார் முன்வருகிறீர்கள்?