ஏழு துளைச் சிப்பி

என் மேசையில் ஒரு சிப்பி இருக்கிறது. உள்ளங்கை அகலம். வெளியே கறுத்து முரடாக இருக்கும். திருப்பினால் பால் வெள்ளை. அதில் கச்சிதமாக ஏழு வட்டத் துளைகள். ஒவ்வொரு துளையும் நூறு வருடத்துக்கு முன் யாருடைய சட்டையிலோ பொத்தானாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த ஏழு பேர் யாராக இருப்பார்கள் என்று நினைக்காமல் இதை நான் ஒருநாளும் கையில் எடுத்ததில்லை.

சிப்பி வந்தது மஸ்கட்டீனிலிருந்து. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு மேற்கே ஓடிவந்து தெற்கே திரும்பும் வளைவில் இருக்கும் ஊர். இன்றும் சுமார் 24 ஆயிரம் பேர்தான். மார்க் ட்வைன் இளவயதில் இங்கே கொஞ்சகாலம் இருந்தார். இந்த ஊரின் அந்திவானத்தை அவர் பிற்காலத்திலும் மறக்காமல் எழுதினார். அந்த அந்தியை நானும் பார்த்தேன், அழகுதான். ஆனால் என் மனத்தில் தங்கியது ஊரின் மண். தோட்டத்துக்குக் குழி வெட்டினாலும் துளையிட்ட சிப்பிகள் வருகின்றன.

இந்த ஊரில் பொத்தான் தொழிலைத் தொடங்கிவைத்தவர் ஜான் பெப்பிள். ஜெர்மனியில் கொம்பிலும் சிப்பியிலும் பொத்தான் கடைந்தவர். அமெரிக்க ஆற்றுச் சிப்பிகளைத் தேடிக் கடல் கடந்து வந்தார். ஒருநாள் ஆற்றில் குளிக்கும்போது காலில் ஏதோ கிழித்தது. குனிந்து எடுத்தால், அவர் தேடிய சிப்பி. இப்படித்தான் கதை சொல்கிறார்கள். 1890இல் வெளிநாட்டுப் பொத்தான்களுக்கு அமெரிக்கா கடும் வரி போட்டது. அடுத்த ஆண்டே அவர் மஸ்கட்டீனில் கடைசல் பட்டறை போட்டார். 1905இல் இந்தச் சின்ன ஊர் 150 கோடி பொத்தான்கள் செய்தது. உலகத்துக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல்!

சிப்பி பிடிக்கும் முறையைக் கேட்டபோது எனக்கு மனம் என்னவோ செய்தது. ஆற்றடியில் சிப்பி லேசாக வாய் திறந்து கிடக்கும். படகிலிருந்து ஒரு நீளக் கம்பியில் வரிசையாகக் கொக்கிகளைத் தொங்கவிட்டு அடிமணலில் இழுப்பார்கள். கொக்கி பட்டதும் சிப்பி, தன்னைக் காத்துக்கொள்ள, வாயை இறுக மூடும். மூடியது கொக்கியின் மேல். அப்படியே மேலே வந்துவிடும். கரையில் வேகவைத்துச் சதையை எடுத்துவிடுவார்கள். ஓடுகளைப் பீப்பாய்த் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, பிறகு குழல்போன்ற ரம்பத்தால் வட்டம் வட்டமாக அறுப்பார்கள். ரம்பத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். துளை போடுவதும் தரம் பிரிப்பதும் பெண்கள். அட்டையில் பொத்தான் தைக்கும் வேலை வீடுகளுக்கே போனது. தாயோடு பிள்ளைகளும் உட்கார்ந்து தைத்தார்கள். தூசியும் ஈரமும் நாற்றமும் எல்லோருக்கும் பொது.

கூலி குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் என்றால் 144. அதற்குமேல் எண்ணி வாங்கிக்கொண்டு 144க்குத்தான் கூலி தருகிறார்கள் என்பது தொழிலாளர்களின் பெரிய குறை. 1911இல் சங்கம் கட்டினார்கள். முதலாளிகள் ஆலைகளைப் பூட்டினார்கள். மாநிலப் படை தெருவுக்கு வந்தது. அப்போது பதின்வயதைத் தாண்டாத ஒரு பெண், பொத்தான் தொழிலாளி, வெளியூர்களுக்குப் போய் மேடையேறிப் பேசிப் போராட்ட நிதி திரட்டினாள். பெயர் பேர்ல் மெகில். பேர்ல் என்றால் முத்து. இந்தச் சிப்பி ஊரின் உண்மையான முத்து அவள்தான் என்பேன்.

நியாயம் கேட்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. அலெக்ஸாண்டர் கிளார்க் என்ற கறுப்பின முடிதிருத்துநர், நீராவிப் படகுகளுக்கு விறகு விற்றும் சம்பாதித்தவர், இங்கே வாழ்ந்தார். 1867இல் அவருடைய 12 வயது மகள் சூசனைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். தந்தை வழக்குப் போட்டார். மறு ஆண்டே அயோவா உச்ச நீதிமன்றம் நிறத்தைக் காட்டிப் பிள்ளையைத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. நாடு முழுவதற்கும் அப்படியொரு தீர்ப்பு 1954இல்தான் வந்தது. இடையில் 86 வருடம்! கிளார்க் தம் 58ஆம் வயதில் சட்டப் பட்டம் பெற்றார். லைபீரியாவுக்கு அமெரிக்கத் தூதராகப் போய் 1891இல் அங்கேயே இறந்தார். உடலை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர் இறந்த ஆண்டில்தான் பெப்பிள் கடைசல் பட்டறை போட்டது.

பெப்பிள் கைத்தொழிலை நம்பியவர். தானியங்கி இயந்திரங்கள் பெருகியதும் தொழில் அவர் கையைவிட்டுப் போனது. ஆற்றில் சிப்பியும் அற்றுக்கொண்டிருந்தது. அரசின் மீன்வளத் துறை அருகிலுள்ள ஃபேர்போர்ட்டில் சிப்பி வளர்ப்பு ஆய்வுநிலையம் அமைத்தபோது, அள்ளக் கற்றுக்கொடுத்த அதே மனிதர் அந்தத் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். ஆற்றில் இறங்கியபோது சிப்பி ஓடு காலைக் கிழித்தது. புண் விஷமாகி 1912இல் இறந்தார்.

பிறகு வண்டலும் கழிவும் ஆற்றைக் கெடுத்தன. 1930களில் அணைகள் வந்தன. கடைசியில் பிளாஸ்டிக் வந்தது. ஆலைகளில் சில அதற்கே மாறிப் பிழைத்தன.

ஹிக்கின்ஸ் கண் என்று ஒரு சிப்பி வகை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மஸ்கட்டீன் ஆற்றிலிருந்து கிடைத்த ஓடுகளைக் கொண்டுதான் அறிவியல் அதற்குப் பெயரிட்டது. 1976 முதல் அது அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. தாய்ச் சிப்பி தன் சதையை ஒரு குட்டி மீன்போல அசைத்துக் காட்டும். பெரிய மீன் இரையென்று நெருங்கும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் அதன் செவுளில் ஒட்டிக்கொள்ளும். ஃபேர்போர்ட்டில் நூறாண்டுக்கு முன் முயன்றதுபோலவே, இன்று விஸ்கான்சின் மாநிலத்து மீன்பண்ணை ஒன்றில் மீன்களின் செவுளில் குஞ்சுகளை ஏற்றி, கூண்டுகளில் ஆற்றுக்குள் இறக்குகிறார்கள். சில வாரத்தில் குஞ்சுகள் கழன்று மணலில் விழும். ஒவ்வொன்றும் மணல்துகளைவிடச் சிறியது. என் மேசையில் இருக்கும் ஓட்டின் அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும்.