மட்டாஞ்சேரியின் பத்தாம் வகுப்பில் டார்வின்

மட்டாஞ்சேரியின் ஏதேனும் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த வீடுகளில் பத்தாம் வகுப்புப் படிக்கும் இரு பிள்ளைகள். மாநிலப் பாடத்திட்டத்தில் பயிலும் பிள்ளையின் உயிரியல் நூலில் உயிரின் தோற்றமும் இயற்கைத் தேர்வும் பாடமாக உள்ளன. சி.பி.எஸ்.இ. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் அறிவியல் நூலில் அந்தப் பக்கங்கள் இல்லை. ‘பாரம்பரியமும் பரிணாமமும்’ என்றிருந்த அத்தியாயம் 2022ஆம் ஆண்டின் ‘பாடச் சீரமைப்பில்’ வெட்டப்பட்டு, ‘பாரம்பரியம்’ என்று மட்டும் எஞ்சியது. ஒரே மழையில் நனையும் இரு பிள்ளைகளுள் ஒருவருக்கு மனிதகுலத்தின் வரலாறு மறுக்கப்பட்டுவிட்டது.

கொரோனாக் காலத்தில் மாணவர்களின் சுமையைக் குறைக்கவே இந்த நீக்கம் என்று என்.சி.இ.ஆர்.டி. விளக்கம் அளித்தது. இதைவிடப் பொருத்தமற்ற காரணம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். டெல்டா, ஒமிக்ரான் என்று அடுத்தடுத்து வந்த திரிபுகளை நாடே நாளிதழ்களில் படித்துக்கொண்டிருந்தது. மரபுப்பொருளில் மாற்றம் நேர்கிறது. வேகமாகப் பரவவல்ல வகை மற்றவற்றைப் பின்தள்ளிப் பெருகுகிறது. இயற்கைத் தேர்வு என்பது இதுதான். கண்முன்னே நடந்த பாடத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்தப் பெருந்தொற்றையே எடுத்ததற்குக் காரணமாகவும் காட்டினார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். இருக்கிறது, உயிரியலைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இருக்கிறது. வணிகவியல் படிப்பவர், பத்தாம் வகுப்போடு நின்று துறைமுகத்திலோ நறுமணப் பொருள் கிடங்கிலோ வேலைக்குச் செல்பவர் ஆகியோருக்கு அறிவியலோடு உள்ள கடைசித் தொடர்பு பத்தாம் வகுப்புதான். 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு வெளியிட்ட திறந்த மடலின் கவலையும் இதுவே. தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடும் அதே நூலிலிருந்து நீக்கப்பட்டதை எண்ணிப் பார்த்தால், நோக்கம் டார்வினோடு நிற்கவில்லை என்பது தெளிவாகும்.

இதற்கு முன்னோட்டம் 2018 ஜனவரியிலேயே நடந்துவிட்டது. ஒன்றிய மனிதவளத்துறை இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, எனவே டார்வின் கோட்பாடு தவறு, அதைப் பாடத்திட்டத்தில் மாற்ற வேண்டும் என்ற பொருளில் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டாக மறுத்து அறிக்கை வெளியிட்டன. அமைச்சர் கேட்ட கேள்வி அறியாமையிலிருந்து பிறந்தது. ஆனால் அந்த அறியாமையை வளர்த்ததில் நமது மொழிபெயர்ப்புகளுக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தமிழில் ‘பரிணாம வளர்ச்சி’ என்று எழுதிப் பழகிவிட்டோம். வளர்ச்சி என்றதும் ஏணி ஒன்று மனத்தில் தோன்றுகிறது: கீழ்ப்படியில் குரங்கு, மேற்படியில் மனிதன். டார்வின் வரைந்து காட்டியதோ கிளைவிட்ட மரம். இன்றைய சிம்பன்சி மனிதனின் பாட்டன் அல்ல. ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையின் வழிவந்த பங்காளி. இலங்கைத் தமிழர் தம் பாடநூல்களில் ‘கூர்ப்பு’ என்ற சொல்லை ஆள்கின்றனர். தொல்காப்பிய உரியியலில் இடம்பெறும் பழஞ்சொல் அது. உள்ள தன்மை மிகுதலைக் குறிக்கும் அச்சொல்லும் முழுவதும் பொருந்திவிடுவதில்லை. ஆயினும் ஏணியைக் காட்டவில்லை. ‘பரிணாமம்’ என்று மட்டும் எழுதி, ‘வளர்ச்சி’யை விட்டுவிடுவது எளிய வழி.

இதைவிடப் பெரிய கேட்டை விளைவித்த தொடர் ஒன்று உண்டு. ‘வலியது வாழும்’ என்று மேடைகளில் முழங்கப்படுவது டார்வினின் கருத்தே அன்று. அதன் ஆங்கில மூலத்தொடரை 1864இல் உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் அதைத் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869இல் எடுத்துக்கொண்டார். அங்கும் பேசப்படுவது வலிமை அன்று. குறிப்பிட்ட சூழலில் பிழைத்துச் சந்ததியை விட்டுச்செல்லும் பொருத்தம். வறண்ட நிலத்தில் சிற்றிலைச் செடி பொருத்தமுடையது. ஈரக்காட்டில் அதுவே நலிந்துபோகும். இந்தப் பொருத்தத்தைத் தமிழில் ‘தகுதி’ என்று பெயர்த்ததும் சிக்கல் முற்றிவிட்டது. ‘தகுதி, திறமை’ என்று இடஒதுக்கீட்டுக்கு எதிராக ஒலிக்கும் குரல் இயற்கை விதியின் சாயலைப் பூசிக்கொள்கிறது.

மட்டாஞ்சேரித் தொழிலாளிக்கு இந்தச் சாயலின் உண்மைப் பொருள் தெரியும். கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ முறை இருந்த காலத்தில், அதிகாலையில் திரண்டு நிற்கும் கூட்டத்தின் மீது உலோக வில்லைகள் வீசி எறியப்படும். முண்டியடித்து, மிதிபட்டு, அவற்றைக் கைப்பற்றியவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. கங்காணிகளின் கண்ணில் அது ‘வலியது வாழும்’ காட்சி. ஆனால் அந்தப் போட்டியில் இயற்கையானது எதுவும் இல்லை. வேலையைக் குறைவாகவும் ஆட்களை மிகுதியாகவும் வைத்து, வில்லையை வீசுகின்ற கை ஒன்று இருந்தது. அந்தக் கையை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை சுட்டது. செய்து, செய்தலவி, ஆன்டனி ஆகிய மூவரின் உயிரைப் பறித்த ஒடுக்குமுறை அது. ஒருவரை ஒருவர் மிதித்தவர்கள் ஒன்றுசேர்ந்து நின்றதைத்தான் ஆள்வோரால் பொறுக்க முடியவில்லை.

அதே 1953, உயிரின் தோற்றம் பற்றிய ஆய்விலும் மறக்க முடியாத ஆண்டு. மே மாதத்தில் ஸ்டான்லி மில்லர் தம் சோதனை முடிவை வெளியிட்டார். மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சியதில் அமினோ அமிலங்கள் உண்டாயின. இதற்கான கருத்தடித்தளத்தை 1924இல் சோவியத் அறிவியலாளர் ஓப்பாரினும், 1929இல் பிரிட்டனின் ஜே.பி.எஸ். ஹால்டேனும் தனித்தனியே அமைத்திருந்தனர். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அமினோ அமிலம் உயிர் ஆகாது. ஆதிப் பூமியின் காற்று மில்லர் கருதிய கலவையாக இருந்திருக்காது என்று பிற்கால ஆய்வாளர் பலர் கூறுகின்றனர். முதல் உயிர் எவ்வாறு தோன்றியது என்பது இன்னும் முடிவுறாத கேள்வி. இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டி, பரிணாமமே ஐயத்துக்குரியது என்று வாதிடுவோர் இரு வேறு கேள்விகளைக் குழப்புகின்றனர். முதல் உயிர் எப்படி வந்ததாயினும், அதன்பின் உயிரினங்கள் மாறியும் கிளைத்தும் வந்ததற்குப் புதைபடிவங்களும் மரபணுக்களும் சான்று கூறுகின்றன. விடை தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்வது அறிவியலுக்கு இழுக்கன்று.

ஹால்டேனைக் கட்சித் தோழர்கள் இன்னும் நெருக்கமாக அறிந்திருக்க வேண்டும். பிரிட்டன் கம்யூனிஸ்ட் நாளேடான ‘டெய்லி ஒர்க்கர்’ இதழில் தொழிலாளர்க்காக அறிவியல் கட்டுரைகளைத் தொடர்ந்து எழுதியவர். 1957இல் இந்தியாவுக்கு வந்து, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். ஆனால் அவர் 1950 வாக்கில் அக்கட்சியிலிருந்து விலகியதன் பின்னணியில் லைசென்கோ விவகாரம் இருந்தது. அதைப் பேசாமல் என்.சி.இ.ஆர்.டி.யைக் கண்டிப்பது நேர்மையாகாது. சோவியத் ஒன்றியத்தில் மரபியலை ‘முதலாளித்துவ அறிவியல்’ என்று ஒதுக்கினார்கள். பயிர்களின் தோற்றுவாயைத் தேடி உலகெங்கும் விதை திரட்டிய வாவிலோவ் 1943இல் சிறையில் மடிந்தார். 1948இல் லைசென்கோவின் கொள்கை அரசுக் கொள்கையாகவே அறிவிக்கப்பட்டது. ஓப்பாரினும் லைசென்கோவுக்குத் துணைநின்றார். பாடநூலைத் திருத்தும் அதிகாரம் அரசின் கையில் இருக்கும்போது எந்தக் கொடியின் கீழும் இது நேரலாம். இன்று எதிரணியினர் இதை எடுத்து வீசுமுன், இடதுசாரிகளே எடுத்துப் பேசுவது மேல். மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலை டார்வினுக்குக் காணிக்கையாக்க விரும்பினார் என்று நம் கூட்டங்களில் இன்றும் சொல்லப்படும் கதையையும் கைவிட்டுவிடலாம். டார்வின் மறுத்து எழுதிய அம்மடல் மார்க்சுக்கு அன்று, எட்வர்டு ஏவ்லிங்குக்கு எழுதப்பட்டது.

சங் பரிவாரத்துக்குப் பரிணாமத்தின் மீது ஏன் இத்தனை வெறுப்பு? மேலைநாட்டுக் கிறித்துவ அடிப்படைவாதத்தைப் போல வேதநூலோடு முரண்படுகிறது என்பது மட்டும் காரணமாகாது. பிறப்பால் தூய்மை என்ற கற்பிதத்தை அது தகர்க்கிறது. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் இணைந்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்திய மக்களிடையே பரவலான கலப்பு நிகழ்ந்திருக்கிறது. அகமண முறை இறுகியது அதற்குப் பிறகே. கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் மலையாளமும் ஒரே சந்தையில் கேட்கும் மட்டாஞ்சேரிக்கு இதைச் சொல்ல ஆய்வகம் தேவையில்லை. ஆயினும் சான்று வேண்டும்.

இந்த ஊர்ப்பகுதிக்கு அறிவியலில் தனி உரிமையும் உண்டு. டச்சுத் தளபதி வான் ரீடின் முயற்சியால் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ கொச்சியில் உருப்பெற்றது. அதன் 742 செடிகளைப் பற்றிய அறிவில் பெரும்பங்கு ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதனிடமிருந்து வந்தது. கொங்கணி வைத்தியர் மூவரும் துணைநின்றனர். பிற்காலத்தில் லின்னேயஸ் அந்நூலைத் தம் வகைப்பாட்டுக்குப் பயன்படுத்தினார். அவர் வகுத்த பிரிவுகள் ஏன் அவ்வாறு ஒன்றனுள் ஒன்று அடங்குகின்றன என்பதற்கு டார்வினே விடையளித்தார். 1917இல் சகோதரன் அய்யப்பன் சாதி எதிர்ப்புக்காகத் தொடங்கிய ‘சகோதரன்’ இதழ் வெளிவந்ததும் மட்டாஞ்சேரியிலிருந்துதான். தமிழ்நாட்டில் சிங்காரவேலர் ‘குடிஅரசு’ ஏட்டில் அறிவியல் எழுதியதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

கேரள அரசு 2023 ஆகஸ்டில், என்.சி.இ.ஆர்.டி. நீக்கிய வரலாறு, அரசியல் பகுதிகளுக்காக மேல்நிலை வகுப்புகளுக்குத் துணைப் பாடநூல்கள் வெளியிட்டது. பாராட்டத்தக்கது. ஆனால் சி.பி.எஸ்.இ. பள்ளியின் பத்தாம் வகுப்புக்குள் மாநில அரசின் கை நீளாது. அங்கே பயில்வோரில் கட்சித் தோழர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். மாநிலப் பாடநூல் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. கேரள அரசு தமிழ்வழிப் பிள்ளைகளுக்காகத் தமிழிலும் பாடநூல்களை அச்சிடுகிறது. கிராமம்தோறும் வாசகசாலைகள் திறந்திருக்கின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்பாடத்தை நடத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை முதல் பொருளாகச் சேர்க்கலாம்.