பழைய வேன், புது இன்ஜின்: கணக்கு எங்கே உதைக்கிறது?

எழுபதுகளில் ஜெர்மனியில் செய்த ஒரு ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன். உள்ளே மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, தூக்கிவிட்டால் கூடாரம் மாதிரி எழும்பும் கூரை. இப்படி ஒரு வண்டியைப் பல வருஷமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் ஒருவர், விடுமுறைக்குக் கிளம்பிப் பாதி வழியில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் 'டக் டக்' என்று சத்தம், கூடவே புகை. மெக்கானிக் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். பழசைப் பிரித்துச் சரி செய்வதா, வேறு இன்ஜின் போடுவதா?

இந்த விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. 'ஒரிஜினல் இன்ஜின்தான் வண்டிக்கு உயிர்' என்பது ஒரு கட்சி. 'ஐம்பது வருஷப் பழசோடு எதற்கு மாரடிக்க வேண்டும்?' என்பது இன்னொன்று. இரண்டு கட்சிக்காரர்களும் முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். இன்ஜின் ஏன் செத்தது? அது தெரியாமல் எந்தப் பக்கம் காசு போட்டாலும் அந்தக் காசுக்கு உத்தரவாதம் இல்லை.

ஏன் செத்தது?

1950-ல் உற்பத்தி தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனுக்கு இன்ஜின் பின்னால் இருக்கிறது. நான்கு சிலிண்டர், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஒரு ஃபேன் ஊதும் காற்றுதான் இன்ஜினைக் குளிர வைக்கிறது. அந்தக் காற்றைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோக இன்ஜினைச் சுற்றித் தகடுகள். கீழே இருக்கும் சூடான காற்று மேலே ஏறாமல் தடுக்கச் சுற்றிலும் ரப்பர் சீல்.

கை மாறி மாறி வந்த வண்டிகளில் முதலில் காணாமல் போவது இவைதான். 'தகடு இல்லாவிட்டால் காற்று நன்றாகப் படும்' என்று கழற்றிப் போட்ட மெக்கானிக்குகளும் உண்டு. சீல் போனால், இன்ஜின் விட்ட சூட்டையே ஃபேன் திரும்ப இழுத்து ஊதும். அதிலும் மூன்றாம் நம்பர் சிலிண்டர் பாவம். 1600 வகை இன்ஜினில் 1971 மாடலுக்கு முன்பு வரை, அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியிலேயே ஆயில் கூலர் இருந்தது. மற்றவற்றை விட அது அதிகம் சூடாகும். அங்கே எக்ஸாஸ்ட் வால்வு ஒடிந்து பிஸ்டனில் ஓட்டை விழுவது பழைய மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரிந்த கதை.

தகடும் சீலும் இல்லாத வண்டியில் புத்தம் புது இன்ஜினை மாட்டினால் என்ன ஆகும்? அதுவும் அதே சூட்டில் வேகும். ஓட்டைக் குடத்துக்குக் கிணற்றை மாற்றுகிற கதைதான்.

அளந்து பார்த்தாயிற்றா?

அடுத்தது அளவு. ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் எவ்வளவு என்று பார்க்கலாம். கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கலாம். 1600 இன்ஜினுக்கு இந்த ஆட்டம் 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருக்க வேண்டும், 0.15-ஐத் தாண்டினால் தேய்மானம் எல்லை கடந்துவிட்டது என்று அர்த்தம். இன்ஜினைப் பிரிக்காமலேயே இதைப் பார்த்துவிடலாம், செலவும் அதிகம் இல்லை.

ஆட்டம் அளவுக்குள் இருந்து கம்ப்ரெஷன் மட்டும் குறைந்திருந்தால், பெரும்பாலும் மேல் பாகம்தான் பிரச்சினை. ஹெட், பிஸ்டன், சிலிண்டர் மாற்றினால் போதும். ஆட்டம் அதிகம் என்றால் கிராங்க் கேஸைத் திறக்க வேண்டும். மக்னீசியம் கலவையால் செய்த அந்தக் கேஸில் பேரிங் உட்காரும் துளைகள் கோணலாகியிருக்கலாம். லேத் பட்டறையில் அவற்றை நேராகக் கடைந்து, பெரிய அளவு பேரிங் போடலாம். ஆனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் கடைய முடியாது.

வால்வு ஒடிந்த இன்ஜின் என்றால் மேல் பாகத்தை மட்டும் மாற்றுவது ஆபத்து. இந்த வகை இன்ஜினில் ஆயில் ஃபில்டரே கிடையாது, வலை மட்டும்தான். உலோகத் துகள் உள்ளே எங்கெங்கே போயிருக்கிறது என்று கேஸைப் பிரித்தால்தான் தெரியும்.

போன காசு போனதுதான்

இனி காமர்ஸ் வகுப்புக்குள் நுழையலாம். 'போன வருஷம்தான் பெயின்டுக்கு அவ்வளவு கொட்டினேன், இப்போது எப்படி விட முடியும்?' என்பார் சொந்தக்காரர். இதற்குப் பெயர் மூழ்கிய செலவு. இன்று எடுக்கும் முடிவு எதுவானாலும் அந்தக் காசு திரும்பாது. ஆகவே அது கணக்கில் வரவே கூடாது.

சொல்வது சுலபம். ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு நாடக சீசன் டிக்கெட் சோதனை வருகிறது. சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி. சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தவர்கள் முழு விலை கொடுத்தவர்கள்தான்! கொடுத்த காசு காலைப் பிடித்து இழுக்கிறது. வேன்காரரையும் அதுதான் இழுக்கிறது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஏமாற்றுக் கணக்கு உண்டு. மேல் பாக ரிப்பேருக்கு 1,500 யூரோ, 30,000 கி.மீ. ஓடும், முழு இன்ஜின் 5,000 யூரோ, 1,00,000 கி.மீ. ஓடும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் கிலோமீட்டருக்கு 5 சென்ட்தான். 'அப்படியானால் புதுசே போட்டுவிடலாமே' என்று தோன்றும். ஆனால் கேம்பர் வேன் லாரி இல்லை. வருஷத்துக்கு 3,000 கி.மீ. ஓடுகிற வண்டிக்கு 30,000 கி.மீ. என்பதே பத்து வருஷம். மிச்சம் 3,500 யூரோவை இன்றே கட்டி, 2050-களில் கிடைக்கப் போகும் கிலோமீட்டரை வாங்குவதில் என்ன லாபம்?

எப்போது மாற்றலாம்?

கேஸே விரிசல் விட்டிருந்தாலோ, இனி கடைய இடமில்லை என்றாலோ மாற்ற வேண்டியதுதான். அப்போதும் அதே வகையில் புதுப்பித்த இன்ஜின் போடுவது நல்லது. சுபாரு போன்ற வேறு இன்ஜினுக்குப் போனால் ரேடியேட்டர், குழாய், ஒயரிங் எல்லாம் சேர்ந்து வரும். ஜெர்மனியில் 30 வருஷம் தாண்டி, பெரும்பாலும் அசல் நிலையில் இருக்கும் வண்டிக்கு 1997 முதல் 'எச்' நம்பர் பிளேட் தருகிறார்கள். காருக்கு வருஷ வரி 191 யூரோ சொச்சம்தான். அந்தக் காலத்துக்குப் பொருந்தாத இன்ஜினைப் போட்டால் அந்தச் சலுகையே போகலாம்.

அதற்காக வேறு இன்ஜின் போடுவது துரோகம் என்றும் சொல்ல முடியாது. பிரேசிலில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியே புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக 2005 கடைசியில் காற்றில் குளிரும் இன்ஜினை விட்டுவிட்டு, அதே பழைய கோம்பி உடலில் தண்ணீரில் குளிரும் 1.4 லிட்டர் இன்ஜினை வைத்தது. 2013 கடைசி வரை அப்படியே விற்றது. தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு அது நியாயமான வழிதான். வருஷத்தில் இரண்டு பயணம் போகிறவருக்கு அது தேவையில்லாத செலவு.

ஆக, வரிசை இதுதான். முதலில் காரணம், பிறகு அளவு, பிறகு வருஷத்துக்கு எவ்வளவு ஓடும் என்ற உண்மையான கணக்கு. கேஸ் நன்றாக இருந்தால் ரிப்பேர். இல்லையென்றால் அதே வகை இன்ஜின். எதைச் செய்தாலும் இன்ஜின் வெளியே வந்திருக்கும்போதே தகடு, சீல், பழைய பெட்ரோல் ஹோஸ் மூன்றையும் சரி செய்துவிட வேண்டும். ஹோஸ் வெடித்து இன்ஜின் அறையில் பெட்ரோல் கொட்டித் தீப்பிடித்த வேன்கள் ஏராளம். முழு வண்டியும் எரிந்து போனால், ரிப்பேரா புதுசா என்ற கேள்விக்கே இடமிருக்காது.