காலால் செய்யும் உதவி

பெட்ரோல் தீர்ந்து நின்றுபோன பைக்கைப் பின்னால் வருகிற இன்னொரு பைக்காரர் காலை நீட்டித் தள்ளிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். ‘டோ பண்றது’ என்பார்கள். சென்னை முழுக்க உள்ள பழக்கம்தான். ஆனால் எங்கள் வானகரத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

போன வாரம் பார்த்த வண்டியில் ஓட்டுகிறவருக்குப் பின்னால் அவர் மனைவி, மடியில் கைக்குழந்தை. தள்ளியவர் முன்பின் தெரியாத ஆள் என்று நினைக்கிறேன். நல்ல மனசுக்காரர். அந்த நல்ல மனசைத்தான் இன்று திட்டப் போகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். கால் போய் நிற்பது முன் வண்டியின் பின் ஃபுட்ரெஸ்ட்டில். அதாவது விசை வண்டியின் நடுவில் விழாமல் ஒரு ஓரத்தில் விழுகிறது. இரண்டு ஹேண்டிலும் பக்கவாட்டில் இழுக்கும். இரண்டு பேரும் அதைப் பிடித்துச் சமாளிக்க வேண்டும். கியர் வண்டியில் வலது காலை நீட்டினால் பின் பிரேக் போச்சு. இடது காலை நீட்டினால் கியர் போச்சு. முன்னால் இருப்பவர் பள்ளத்தைப் பார்த்துச் சட்டென்று பிரேக் பிடித்தால் தள்ளுகிறவரின் கால் என்ன ஆகும்? இரவானால் இன்னும் மோசம். என்ஜின் ஓடாவிட்டால் பல வண்டிகளில் ஹெட்லைட்டே எரியாது.

1989-ம் வருட சாலை விதிமுறைகளிலேயே பழுதான வண்டியை இழுப்பது பற்றிச் சொல்லியிருந்தார்கள். பக்கத்து ஒர்க்‌ஷாப் அல்லது பெட்ரோல் பங்க் வரை இழுக்கலாம், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் ஆட்கள் பஸ்ஸையே முந்துகிறார்கள்!

வெளிநாட்டில் ‘கைட் பக்கி’ என்று ஒரு விளையாட்டு உண்டு. பெரிய காற்றாடி இழுக்க, மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து மணல்வெளியில் ஓடுவார்கள். நியூசிலாந்துக்காரர் பீட்டர் லின் 1990 வாக்கில் பிரபலமாக்கியது. பின்னால் இன்னொரு வண்டியைப் பூட்டி ஆளை இழுத்துப் போவதும் உண்டு. விளையாட்டுக்குச் செய்கிற அவர்களே வண்டியோடு வண்டியைச் சரியாக இணைத்து, ஹெல்மெட் மாட்டி, ஆளில்லாத கடற்கரையாகப் பார்த்துப் போகிறார்கள். நமக்கு இணைப்பு ஒரு ரப்பர் செருப்பு!

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த காலத்தில், கிரேன் தூக்கும் சரக்கின் மேல் ஆள் ஏறக் கூடாது என்பது முதல் நாளே சொல்லித் தரும் பாடம். சரக்கு விழுந்தால் நஷ்டம். ஆள் விழுந்தால் குடும்பமே போச்சு. ரோட்டுக்கும் அதே பாடம்தான். வண்டியை நகர்த்துங்கள், ஆளோடு சேர்த்து நகர்த்தாதீர்கள்.

“அவசரத்துக்கு வேற என்ன சார் பண்றது?” என்று கேட்பீர்கள். தள்ளுவதற்குப் பதிலாக, நின்றுபோன வண்டிக்காரரை உங்கள் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு பங்குக்குப் போங்கள். அதே நேரம்தான் ஆகும். மனைவியும் குழந்தையும் ஓரமாக நிழலில் நிற்கட்டும். என்ஜின் கோளாறு என்றால் லோடு ஆட்டோவைக் கூப்பிடுங்கள். மீன் மார்க்கெட் உள்ள ஊரில் அதற்கா பஞ்சம்? தேசிய நெடுஞ்சாலையில் உதவி கேட்க 1033 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

பங்குக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டிலில் பெட்ரோல் தர மாட்டோம் என்கிறீர்கள். தீ பயம், நியாயம்தான். ஆனால் பாட்டில் கிடையாது என்று திருப்பி அனுப்பப்படுகிறவன்தான் அடுத்த முறை வண்டியையே தள்ளிக்கொண்டு வருகிறான். டெபாசிட் வாங்கிக்கொண்டு ஒரு லிட்டர் கேன் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நாலு நல்ல கேன் வைத்தால் ஒரு பங்குக்குப் போதும்.

தள்ளுகிற தம்பிகளுக்குக் கடைசியாக ஒன்று. உதவி செய்யாதே என்று நான் சொல்லவில்லை. நின்று கேட்கிறவர்களே இப்போது குறைவு; நீங்கள் நின்றீர்கள், அது பெரிய விஷயம். ஆனால் பின்சீட்டில் பெண்ணும் குழந்தையும் இருந்தால், முதலில் அவர்களை இறங்கச் சொல்லுங்கள். மறுத்தால் காலை நீட்டாதீர்கள்.