செல்லாத நோட்டு

கடையில் நீட்டினால் திரும்பி வந்துவிடுகிற நோட்டு ஒன்று எல்லார் பையிலும் கிடக்கும். ஓரம் கிழிந்து, செலோடேப் ஒட்டியது. பஸ் கண்டக்டரும் வாங்கமாட்டார். ஞாயிறு பூசையில் காணிக்கைப் பை நம் வரிசைக்கு வரும்போது அதற்கு விடிவு பிறக்கிறது. ஆளுநர் கையால் தொடாத நொண்டி ஆட்டை ஆண்டவருக்கு ஓட்டி வருகிறார்களே என்று இறைவாக்கினர் மலாக்கி கொதித்தது இதற்காகத்தான்.

பீடத்தில் நடப்பதுதான் தர்மத்திலும் நடக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். லாரியில் வந்து இறங்கியது, கட்டிக்கொள்ள ஆளில்லை. முந்தின வாரம் வரை கடலில் உழைத்து, சொந்தக் காசில் துணி எடுத்துக் கட்டியவர்கள் அந்த மக்கள். வீடு போனவனுக்கு மானமும் போயிருக்கும் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்களோ என்னவோ. கடைசியில் அதை அள்ளி அகற்றுவதே தனி வேலையாயிற்று.

கோயிலுக்கு எதற்குப் பொன் கிண்ணம், ஏழைக்குக் கொடுக்கலாமே என்ற பேச்சு பங்குப் பேரவைகளில் அவ்வப்போது எழும். நியாயமான பேச்சுதான். ஆனால் அதை எழுப்புகிறவர் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கொடுப்பதில்லை. 1818-இல் ஆர்ஸ் என்ற பிரெஞ்சுப் பட்டிக்காட்டுக்குப் பங்குக் குருவாகப் போன ஜான் மரிய வியான்னி, ஒட்டுப்போட்ட அங்கியும் அவித்த உருளைக்கிழங்குமாகக் காலம் தள்ளியவர். பூசை உடுப்பு என்றால் மட்டும் லியோன் நகரத்துக்குப் போய் உயர்ந்ததாகத் தேடி வாங்குவார். அதே மனிதர்தான் 1824-இல் ஏழைப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். அதுவே பின்னால் அநாதைகளின் வீடானது. பீடத்துக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது. மிச்சம் மீதி தனக்கு. நம் கணக்கு இதற்கு நேர்த் தலைகீழ்.

மிலான் ஆயர் அம்புரோசியார் 4-ஆம் நூற்றாண்டில், சிறைப்பட்டவர்களை மீட்கக் கோயில் பாத்திரங்களையே உருக்கினார். ஏசினவர்கள் உண்டு. உருக்குவதற்குப் பொன் இருந்தது என்பதை மட்டும் நாம் கவனிப்பதில்லை. நம் பீடத்துப் பிளாஸ்டிக் ரோஜாவை உருக்கி யாரை மீட்பது?

எல்லாம் பணத்தில் இல்லை. வாசகம் வாசிக்க வருகிறவர் மேடை ஏறிய பிறகுதான் அந்தப் பக்கத்தை முதன்முதலாகப் பார்க்கிறார். பவுலடியாரின் நீண்ட வாக்கியத்தில் பாதி வழியில் மூச்சு முட்டுகிறது. முந்தின இரவு வீட்டில் பத்து நிமிடம் வாய்விட்டுப் படிக்க ஒரு பைசா செலவில்லை. சாமியார் பிரசங்கத்துக்கும் இது பொருந்தும். எல்லா ஞாயிறும் அல்ல, சில ஞாயிறுகளில்.

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. கோயில் வாசலில் துணிப் பெட்டி வைத்தாயிற்று. நேற்று மாலை எட்டிப் பார்த்தேன். மேலாக ஒரு வெள்ளைச் சட்டை கிடந்தது. காலர் நைந்து போயிருந்தது, இரண்டாவது பொத்தானைக் காணோம். அந்தப் பொத்தான் எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது.