சீட்டு மெத்தென்று இருந்தால் போதுமா?

நம் வயதுக்காரர்களிடம் சைக்கிளை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று காரணம் வரும்: ரோட்டில் வண்டிகள் அதிகம், முழங்கால் வலி, சீட்டில் உட்கார முடியவில்லை. முதல் காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. புதுச்சேரி நேரு வீதியில் மாலை ஆறு மணிக்கு நடந்து போகவே பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற இரண்டும் பல சமயம் வயதால் வருவதில்லை, சீட்டை வைத்திருக்கும் விதத்தால் வருகின்றன என்பது என் அபிப்பிராயம். ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் இருந்தால் சரியாகக்கூடிய விஷயத்துக்காக நல்ல சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறோம்.

மூன்றாவது காரணத்தை யாரும் உடனே வாய்விட்டுச் சொல்வதில்லை. வலிக்கும் இடம் அப்படி. வீட்டில் கேட்டால் ‘முட்டி வலி’ என்று மழுப்பிவிடுவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரெஞ்சில் படித்த நம் தலைமுறைக்குத் ‘தூர் து பிரான்ஸ்’ பந்தயம் தெரிந்திருக்கும். அதில் 1953, 1954, 1955 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஜெயித்தவர் லூயிசோன் பொபே. மூன்றாவது முறை ஜெயித்தபோது உட்காருமிடத்தில் புண்களோடுதான் அவர் ஓட்டினார். பிறகு அறுவை சிகிச்சையும் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அப்பேர்ப்பட்ட வீரருக்கே வந்தது என்றால் மார்க்கெட்டுக்குப் போய்வரும் நமக்கு வருவதில் என்ன அதிசயம்?

வலி என்றதும் பிள்ளைகள் செய்யும் முதல் உபகாரம், மெத்தென்ற ஜெல் உறை ஒன்றை வாங்கிச் சீட்டுக்கு மாட்டிவிடுவது. இரண்டு நாள் சுகமாக இருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் இடுக்கில் மரத்துப்போக ஆரம்பிக்கும். காரணம் எளிது. உட்காரும்போது நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். கையைக் கீழே வைத்துக்கொண்டு மரப் பலகையில் உட்கார்ந்தால் அவை தட்டுப்படும். அதிக மெத்தையில் அந்த இரண்டு எலும்பும் அமிழ்ந்துவிடுகின்றன. நடுவில் இருக்கும் பஞ்சு மேலே எழும்பி, நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற மென்மையான பகுதியை அழுத்துகிறது. அந்தக் காலத்துக் கறுப்பு சைக்கிளில் இருந்த தோல் சீட்டு கட்டாந்தரை மாதிரி இருந்தும் அதில் பத்து மைல் போய்வந்தார்கள். அகலமான பின்பக்கம், அடியில் ஸ்பிரிங், நிமிர்ந்து உட்காரும் வாகு, இவைதான் காரணம்.

ஆகவே மெத்தையைத் தேடும் முன் மூன்று அளவுகளைச் சரிபாருங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். செருப்போடு குதிகாலைப் பெடல் மேல் வைத்து, பெடலைக் கீழ்க்கடைசிக்குக் கொண்டுவாருங்கள். அப்போது கால் நேராக நீண்டிருக்க வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு, சிரில் கிமார் என்ற பிரெஞ்சுப் பயிற்சியாளர் தம் பந்தய வீரர்களுக்குக் கையாண்ட வழி ஒன்று உண்டு. கவட்டிலிருந்து தரை வரை உள்ள அளவை 0.883-ஆல் பெருக்க வேண்டும். 75 செ.மீ. என்றால் சுமார் 66 செ.மீ. வரும். பெடல் கைகள் இரண்டும் சேர்ந்து சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை அந்த உயரம். அது பந்தயக்காரர் கணக்கு. நமக்கு ஒன்றிரண்டு செ.மீ. குறைவாக இருப்பது நல்லது.

இரண்டாவது சாய்வு. சீட்டின் மேல் ஒரு நீண்ட ஸ்கேலை வைத்துப் பாருங்கள், தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் இடுக்கு மரத்துப்போகும். கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும், எடை கைக்குப் போய் மணிக்கட்டு வலிக்கும்.

மூன்றாவது முன்பின் தூரம். இரண்டு பெடலும் சம உயரத்தில் இருக்கும்போது முன்காலின் முழங்கால் பெடல் அச்சுக்கு நேர் மேலே ஏறக்குறைய வந்தால் போதும்.

ஒரு நாளைக்கு ஒரு மாற்றம், அதுவும் அரை செ.மீ.க்கு மேல் வேண்டாம். மூன்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஆபீசில் எழுதிப் பழகிய கைதானே, ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். சீட்டுக் குழாயில் ஒரு எல்லைக்கோடு பொறித்திருந்தால் அது வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது. ஹேண்டில்பாரையும் சீட்டளவுக்கோ சற்று மேலாகவோ உயர்த்தலாம். கம்பி பிரேக் உள்ள பழைய வண்டியானால் பிரேக்கும் மாறிவிடும், அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் எனக்கும் பல நண்பர்களுக்கும் ஒத்துப்போவதில்லை. “அய்யா, இந்த வயதில் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற மாதிரி சீட்டு தாழ்வாக இருந்தால்தானே பத்திரம்?” என்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆனால் தாழ்ந்த சீட்டில் கால்கள் எதையும் தாங்குவதில்லை, மொத்த எடையும் உட்காருமிடத்தில் இறங்குகிறது. முழங்காலும் அளவுக்கு மீறி மடங்கி வலிக்கிறது. பத்திரத்துக்காகத் தாழ்த்திய சீட்டே ஆறு மாதத்தில் சைக்கிளை விடவைக்கிறது.

இதற்கு நல்ல வழி லேடீஸ் சைக்கிள். சிரிக்க வேண்டாம். நம் வயதில் ஆபத்தான நேரங்களில் ஒன்று, காலைப் பின்னால் தூக்கிப் போட்டு ஏறி இறங்கும் நேரம். குறுக்கே பார் இல்லாத வண்டியில் அந்த வேலையே இல்லை. சீட்டைச் சரியான உயரத்தில் வைத்துக்கொண்டு, நிறுத்தும்போது பிரேக் பிடித்து, சீட்டை விட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றினால் போதும். வேட்டிக்கும் அதுதான் வசதி. ‘தாத்தா பொம்பளை சைக்கிள் ஓட்டுறார்’ என்று தெருப் பிள்ளைகள் சொன்னால் சொல்லட்டும். மானத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட இது மேல். ஒவ்வொரு சாமானுக்கும் மகனையோ மருமகளையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை.

நின்றாலே தள்ளாடுபவர்களுக்கு இதைச் சொல்லவில்லை. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். மற்றவர்களும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரொம்ப நாள் கழித்து ஓட்டும்போது முதல் ஒன்றிரண்டு வாரம் அந்த எலும்பு முனைகள் வலிப்பது சகஜம், பழகிவிடும். மரத்துப்போவது பழகவேண்டிய விஷயம் அல்ல. அளவுகளைச் சரிசெய்தும் மரத்துப்போனால், சிறுநீரில் சிரமம் தெரிந்தால், கொப்புளம் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் சின்னப் புண்ணைக்கூட அலட்சியம் செய்யக் கூடாது. புரோஸ்டேட்டுக்குப் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை இருந்தால் அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து சைக்கிள் வேண்டாம், அளவு கூடிக் காட்டக்கூடும்.

குதிரைச் சேணத்துக்கும் சைக்கிள் சீட்டுக்கும் பிரெஞ்சில் ஒரே சொல்தான், ‘செல்’. நொடித்துப்போனவரை மறுபடி தூக்கி நிறுத்துவதை ‘சேணத்தில் திரும்ப ஏற்றுவது’ என்பார்கள். உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியிலோ தாழ்வாரத்திலோ ஒரு சைக்கிள் சும்மா நிற்கிறதென்றால், யாருக்காவது கொடுக்கும் முன் குதிகாலைப் பெடலில் வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள்.