டென்ஷன் ஆகாதே மச்சி... டென்ஷனை அளந்து பாரு!

அறுவடை சீசன்ல அவலூர்பேட்டைப் பக்கம் போயிருக்கீங்களா பாஸ்? மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். சுற்றுவட்டார வயல்களில் அறுவடை மெஷின் உறுமிக்கொண்டிருக்கும். அந்த மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள் (இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுத்தான்!). கதிரை உள்ளே இழுக்க ஒரு செயின், நெல்லை மேலே தூக்க ஒரு செயின் என்று உள்ளே ஏகப்பட்ட செயின் இருக்கும். அதில் ஒன்று அறுந்தாலும் வேலை நின்றுவிடும். மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை, தலைக்கு மேலே மழை மேகம்... விவசாயிக்கு டென்ஷன் ஏறும்.

நம்ம மேட்டரும் டென்ஷன்தான். ஆனால் இது செயினுடைய டென்ஷன்!

மெக்கானிக்கல் படிக்கிற பத்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். "ஒரு செயினை எவ்வளவு இறுக்கணும்?" பெரும்பாலும் வருகிற பதில்: "நல்லா டைட்டா!" அங்கேதான் கோளாறு ஆரம்பம். பெல்ட்டுக்கு உராய்வுதான் பிடிப்பு, அதனால் இழுத்துக் கட்டணும். செயினுக்குப் பல்லே பிடிப்பு. ஓவராக இறுக்கினால் அந்த இழுப்பு முழுக்க பேரிங் மேலும் ஷாஃப்ட் மேலும் விழும், மூட்டுகளுக்கு நடுவே இருக்கிற எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியே போகும், சூடு ஏறும், தேய்மானம் கூடும். சரி, தொளதொளன்னு விட்டால்? செயின் சாட்டை மாதிரி ஆடும், மூடியில் அடிக்கும், கடைசியில் பல் தாண்டிக் குதிக்கும். ரெண்டுக்கும் நடுவே ஒரு அளவான தொய்வு வேணும்.

இந்தக் குடும்பத்தில் கொஞ்சம் அமுக்கமான ஆள் ஒருத்தர் உண்டு. பெயர், சைலன்ட் செயின். சைக்கிளிலும் பைக்கின் பின் சக்கரத்திலும் நாம் பார்ப்பது ரோலர் செயின். அதன் உருளை ஒவ்வொன்றும் பல்சக்கரத்தின் மேல் 'டக் டக்'கென்று போய் உட்காரும், அதனால்தான் சத்தம். சைலன்ட் செயினில் உருளையே கிடையாது. பல் வெட்டிய மெல்லிய எஃகுத் தகடுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி, குறுக்கே பின் கோத்திருப்பார்கள். கியரோடு கியர் சேர்வது போல பல்லோடு பல் வழுக்கிச் சேரும். அதனால் வேகம் அதிகமானாலும் இரைச்சல் குறைவு. பல கார் இன்ஜின்களுக்குள் வால்வுகளுக்கு நேரம் பார்க்கிற டைமிங் செயின் இந்த ஜாதிதான். பாட்டில் ஃபேக்டரியில் சுடச்சுட வருகிற கண்ணாடி பாட்டில்களைச் சுமந்து போகிற கன்வேயரிலும் இது உண்டு.

ரெண்டுக்கும் அப்பா ஒருத்தரே. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட், 1880-ல் புஷ் ரோலர் செயினையும் 1885-ல் சைலன்ட் செயினையும் கொண்டுவந்தார். நம்ம ஊரும் இந்தத் தொழிலில் சளைத்ததில்லை. பைக் கடையில் தொங்குகிற 'ரோலான்' பாக்கெட் கோவைக் கம்பெனியுடையது, 'டயமண்ட்' பாக்கெட் சென்னைக் கம்பெனியுடையது.

"செயின் நீண்டுபோச்சு"ன்னு மெக்கானிக் சொல்வாரே, இரும்பு ரப்பர் மாதிரி இழுபட்டுவிட்டதா? இல்லை. தேய்வது மூட்டு. 12.7 மி.மீ. பிட்ச் உள்ள செயினில் 100 பிட்ச் என்றால் நீளம் 1,270 மி.மீ. ஒவ்வொரு மூட்டிலும் வெறும் 0.1 மி.மீ. தேய்ந்தால் போதும், மொத்த நீளம் 10 மி.மீ. கூடிவிடும். அந்த 10 மி.மீ. கூடினாலே நடுவில் தொங்குகிற தொய்வு அதைப்போல பல மடங்கு ஏறிவிடும்.

ரோலர் செயின் தேய்ந்தால் கடகடவென்று ஊரைக் கூட்டிச் சொல்லும். சைலன்ட் செயின் சொல்லாது. மூட்டு தேயத் தேய அது பல்லின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, பெரிய வட்டத்தில் உட்கார்ந்து, ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் அதன் பிளஸ், அதுவே அதன் ஆபத்தும். பல் நுனி வரைக்கும் ஏறியபின் அடுத்து குதிப்பதுதான். ஆகவே இந்த ஆளிடம் காதை நம்பாதீங்க, ஸ்கேலை நம்புங்க.

எப்படி அளப்பது? முதலில் மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து பூட்டி, சாவியை உங்கள் பாக்கெட்டில் போடுங்கள். "வேலை நடக்கிறது" என்று ஒரு அட்டையும் தொங்கட்டும். மோட்டாரைக் கையால் லேசாகத் திருப்பினால் ஒரு பக்கம் விறைப்பாகும், மறுபக்கம் தொய்வு மொத்தமும் சேரும். தொய்வுப் பக்கத்தின் நடுவில் செயினை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை தள்ளி, மொத்த அசைவை அளங்கள். ரோலர் செயினுக்குப் பொதுவாகச் சொல்கிற கணக்கு, தாங்கல் இல்லாத நீளத்தில் சுமார் 4 சதவீதம். நிமிர்ந்து நிற்கிற டிரைவுக்கும், அடிக்கடி நின்று கிளம்புகிற டிரைவுக்கும் 2 சதவீதம். அதாவது 800 மி.மீ. நீளத்துக்கு 32 மி.மீ., அல்லது 16 மி.மீ. சைலன்ட் செயினுக்கு அதைத் தயாரித்தவர் கையேட்டில் கொடுத்திருக்கும் எண்ணே வேதவாக்கு.

ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சுற்றிச் சுற்றி நாலு இடத்திலாவது பாருங்கள். எங்கே ரொம்ப விறைப்போ, அந்த இடத்தை வைத்துத்தான் செட் பண்ணணும். மோட்டாரைத் தள்ளும்போது ரெண்டு பக்க போல்ட்டையும் சமமாகத் திருகுங்கள், இல்லாவிட்டால் ஷாஃப்ட் கோணிக்கொள்ளும். போல்ட்டை முறுக்கி முடித்தபின் மறுபடி ஒருமுறை அளவு பாருங்கள். புதுச் செயின் ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மூட்டுகள் படிந்து லேசாகத் தளரும், அப்போது ஒரு செக்கிங் கட்டாயம். தள்ள இடமே இல்லாத அளவுக்கு நீண்டுவிட்டதா? செயினை மாற்றும்போது பல்சக்கரத்தையும் பாருங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது சீக்கிரமே வீணாகும்.

"இதெல்லாம் சின்ன விஷயம் பாஸ்"னு தோணுதா? 2016-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஃபோக்ஸ்வேகன், ஆடி கார் வைத்திருந்தவர்கள் வழக்கே போட்டார்கள். டைமிங் செயினும், அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரும் சீக்கிரமே கெட்டு இன்ஜினையே நாசமாக்குகிறது என்பதுதான் புகார். அது கடைசியில் சமரசத்தில் முடிந்தது. பல இன்ஜின்களில் டைமிங் செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அப்புறம் பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும்!

இன்ஜினையாவது மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. ஓடுகிற செயினைத் தொட்டு "டைட்டா இருக்கா"ன்னு பார்க்கிற பழக்கம் சீனியர்களிடமும் உண்டு. மச்சி, ப்ளீஸ்... அதை மட்டும் கத்துக்காதே! 1948-ம் வருஷத்து ஃபேக்டரீஸ் சட்டமே ஆபத்தான சுழலும் பாகங்களுக்கு மூடி போடச் சொன்னது. ஓடும் மெஷின் பக்கத்தில் போய்த்தான் ஆகணும் என்றால் பயிற்சி பெற்றவர்தான், அதுவும் உடம்போடு ஒட்டிய உடுப்போடுதான் என்றும் சொன்னது. லுங்கி முனை, துப்பட்டா, தொங்குகிற ஐ.டி. கார்டு கயிறு எல்லாமே செயினுக்கு ஒரு வாய்தான்.

சரி, இந்த வார ஹோம்வொர்க். ஹாஸ்டல் வாசலில் நிற்கிற பைக்கை எடுங்கள். இன்ஜின் ஆஃப், வண்டி நியூட்ரலில். பின் சக்கரத்தைக் கையால் சுற்றி, செயினின் கீழ்ப்பக்க நடுவில் தள்ளி அளங்கள். நிறைய கம்யூட்டர் பைக்குகளில் 20 முதல் 30 மி.மீ. வரை அசைவு இருக்கணும். உங்கள் வண்டியின் சரியான எண் அதன் கையேட்டில் இருக்கும். ரிசல்ட்டை நோட்டில் தேதியோடு எழுதி, மாசம் ஒருமுறை அளந்து பாருங்கள். மூன்றே மாசத்தில் உங்கள் செயின் தேய்கிற கதை எண்களாகக் கையில் இருக்கும். கேம்பஸ் இன்டர்வியூவில் "மெயின்டனன்ஸ் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டால், அந்த நோட்டை எடுத்து மேஜை மேல் வையுங்கள்.

அடுத்த வாரம்: பேரிங் ஏன் முனகுது?